மாடி வழி வந்த கதவு

எங்கள் குதிரைக்காரச் சந்துக்குள் குதிரை வராது. வந்தால் திரும்ப இடமில்லை. பின்காலால் நடந்துதான் தெற்கு மாசி வீதிக்குப் போய்ச் சேர வேண்டும். சந்தின் அகலம் மூன்றே முக்கால் அடி. என் மனைவி ஜெயினம்பு எதிரே வந்தால் நான் பக்கத்தில் யார் வீட்டுக்குள்ளாவது ஒதுங்கி, அவர்கள் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு நடக்க முடியும். இப்படி ஒதுங்கி ஒதுங்கியே எனக்குச் சர்க்கரை வந்தது.

இந்தச் சந்தைத்தான் இப்போது பாரம்பரியப் பகுதி என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையானால் கழுத்தில் காமிராவும் தலையில் தொப்பியுமாக இருபது பேர் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக வருகிறார்கள். என் வாசல் கதவைக் கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் தடவுகிறார்கள். போன மாதம் ஒருத்தி எங்கள் வீட்டு உடைந்த தண்ணீர்க் குழாயைக் குனிந்து, நிமிர்ந்து, படுத்து எல்லாம் படம் எடுத்தாள். அந்தக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உட்காரவைத்து டீ கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. எங்கள் குழாய் காய்ந்து கிடந்தால்தான் அவர்களுக்கு அழகு. பார்த்து முடித்ததும் ஏசி வைத்த ஓட்டலுக்குப் போய்க் குளித்துவிடுவார்கள்.

நான் மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவன். ஷேக் தாவூது என்று பெயர். தாவூது பாய் என்றால்தான் தெரியும். நாலு மாசி வீதிகளுக்குள் நான் எட்டிப் பார்க்காத அடுப்பங்கரை கிடையாது, காது கொடுக்காத புருஷன் பெண்டாட்டி சண்டை கிடையாது. இவ்வளவையும் பார்த்தவன் பார்த்ததை மட்டும் சொன்னால் போதுமா? கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன். ஒரு மடங்கு பார்த்தால் பத்து மடங்கு சொல்வேன். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். யாரும் இதுவரை குறை சொன்னதில்லை, ஜெயினம்புவைத் தவிர. அவள் சொல்லாத குறை எதுவும் இல்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சந்தின் எங்கள் பக்கத்து வரிசையில் ஒன்பது வீடுகள். நான் எட்டாம் நம்பர். கடைசியான ஒன்பதாம் நம்பரில் இருபத்தேழு வருடமாக வாடகைக்கு இருக்கிறான் பீமாராவ். அவனும் அவன் மனைவி ருக்குபாயும் தினமும் சாயங்காலம் நாலு மணிக்குச் சந்து முனையில் அடுப்பு வைத்து முள்முருங்கை வடை சுடுவார்கள். ஏழு மணிக்குச் சட்டி காலியாகிவிடும். என் பித்தப்பையில் கல் வந்தது அந்த வடையால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். சொல்லிக்கொண்டே தினம் நாலு தின்கிறேன்.

ஒன்பதாம் நம்பர் வீட்டுக்காரன் பரீத். அவன் அத்தா இருந்தவரை இங்கேதான் இருந்தார்கள். அவர் மௌத்தானதும் வீட்டை ராவுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் போனார்கள்; இவன் வளர்ந்து மாட்டுத்தாவணிக்கு அப்பால் ஐந்தாவது மாடியில் ஒரு பிளாட் வாங்கிவிட்டான். அந்தப் பால்கனியில் நின்றால் ஒரு செல்போன் டவரும் மூன்று ஆடும் தெரியும். அதற்கு 'வியூ' என்று பெயராம். ஒரு நாள் பெருநாள் சட்டை போட்டவன் மாதிரி விறைப்பாக வந்து, ராவ் மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போதே சொன்னான்.

"ராவண்ணே, வீட்டக் குடுக்கப் போறேன். மாசக் கடைசிக்குள்ள ஒரு எடம் பாத்துக்கங்க."

"சரி தம்பி" என்றான் ராவ். அவ்வளவுதான். கிரைண்டரைக்கூட நிறுத்தவில்லை.

எனக்குத்தான் கொதித்தது. அவன் போன பிறகு ராவைப் பிடித்து உலுக்கினேன்.

"என்ன சரி தம்பி? எங்க போவ?"

"உசிலம்பட்டிக்கு. மாப்பிள்ளை வீட்டுல மாட்டுக்கொட்டாய்க்கு மேல ஒரு ரூம் இருக்காம். வாங்க மாமான்னுட்டாரு."

"அங்க போயி யாருக்கு வடை சுடுவ? மாட்டுக்கா?"

"மாடு ஒன்னய மாதிரி கொற சொல்லாது பாய்."

சிரித்தான். கை மட்டும் மாவுக்குள்ளேயே இருந்தது, எடுக்கவில்லை. மாவு அரைக்க வீடு பக்கத்தில் இருந்தால்தான் முனையில் அடுப்பு. வீடு போனால் அடுப்பு போயிற்று. மாசி வீதிகளுக்குள் இன்னொரு வீடு அவனுக்கு யார் கொடுப்பார்கள்? இருக்கிற வீட்டையெல்லாம் குடோனாக்கி, சைனா பொம்மையையும் பிளாஸ்டிக் வாளியையும் குடிவைத்திருக்கிறார்கள். வாளி வடை சுடாது, எதிர்த்துப் பேசாது, அதனால் நல்ல குடித்தனக்காரன்.

"நீ மூட்டை கட்டாத. வீடு பாக்க வர்றவன் ஒருத்தனும் வாங்க மாட்டான். நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

ஜெயினம்பு உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "நீங்க பாத்துக்கிறேன்னு சொன்ன காரியம் எதுங்க வெளங்கியிருக்கு?"

முதல் ஆள் அருள்பாண்டி. லாட்ஜ் கட்ட இடம் தேடுகிறவர். ஆள் எப்படி என்றால், சந்துக்குள் நுழைந்ததும் சந்தில் இருட்டிவிட்டது. இரண்டு பக்கச் சுவரிலும் சட்டை உரச உரச வந்து சேர்ந்தார். நான் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, மரியாதையாகத்தான் சொன்னேன்.

"அண்ணே, எங்க சந்துல நாலு பேரு பக்கவாட்டுல தோள் குடுத்து மய்யத்தத் தூக்க முடியாது. முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன். ஒல்லியான ஆளுக்குப் பிரச்சன இல்ல. நாலாம் நம்பர்ல ஒரு ஹாஜியார் இருந்தாரு, ஒங்க சைசு. மௌத்தாகிப் பதினோரு மணி நேரம் உள்ளயே இருந்தாரு. கடைசில நிக்க வச்சுத்தான் நடத்திக் கூட்டிப் போனோம். எதுக்க வந்தவன் சலாம் சொல்லிட்டுப் போறான்."

அருள்பாண்டி தன் வயிற்றை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். வந்ததைவிட வேகமாகத் திரும்பினார். நடுவில் இரண்டு இடத்தில் சிக்கினார் என்று ராவ் சொல்கிறான். நான் ஒரு இடம்தான் பார்த்தேன்.

இந்த வெற்றியில் எனக்கு ஒரு வாரம் பசியே எடுக்கவில்லை, அதாவது வடை தவிர மற்றதற்கு. அப்புறம்தான் வந்தார்கள் விக்ரமும் சரண்யாதேவியும்.

புருஷன் பெண்டாட்டி. பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். அந்தப் பெண் பிறந்தது அலங்காநல்லூர்ப் பக்கம், படித்தது கட்டடக் கலை. அவன் படித்தது என்னவென்று கடைசிவரை தெரியவில்லை. எதைப் பார்த்தாலும் "வாவ்" என்கிற படிப்பு. கைத்தறி ஜிப்பா, கையில் உருத்திராட்சம், காலில் நாலு பேர் சம்பளத்துக்குச் செருப்பு. ஒன்பதாம் நம்பரை வாங்கி 'ஹெரிடேஜ் ஸ்டே' ஆக்கப் போகிறார்களாம். அதாவது, நாங்கள் சும்மா இருந்து அவதிப்படுகிற வீட்டில் வெளியூர்க்காரன் வாடகை கொடுத்து இரண்டு நாள் அவதிப்படுவான்.

பரீத் வீட்டைத் திறந்து காட்டினான். நானும் கூடவே ஏறினேன், பக்கத்து வீட்டுப் பெரியவர் என்ற உரிமையில்.

"கெணத்துல ஜின் இருக்குங்க. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம இருமும்" என்றேன்.

சரண்யாதேவி ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். "எத்தன வருஷமா அங்கிள் இருமுது?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "நூறு வருஷமா" என்றேன். எழுதிக்கொண்டாள்.

வௌவால் இருக்கிறது என்றேன். எத்தனை வகை என்றாள். மழை பெய்தால் அடுப்பங்கரைக்குள் மீன் வரும் என்றேன்; என்ன மீன் என்றாள். விரால் என்றேன். விக்ரம் "வாவ்" என்றான். ஜின்னும் வௌவாலும் மீனும் போதாது என்று சட்டத்தைக் கூப்பிடலாமென்று மொட்டைமாடிக்கு அழைத்துப் போனேன். அங்கே முற்றத்து வாயைச் சுற்றி நாலு தூண்கள், சாம்பல் நிறத்தில் கறுப்புப் புள்ளியோடு, பார்த்தால் கருங்கல் மாதிரி நிற்கும்.

"இத வெளிய சொல்லிராதீங்க. மகால் கட்டி மிச்சமான கல்லு இது. ராவோட ராவா உருட்டிட்டு வந்துட்டாங்க. முந்நூறு வருஷம் ஆச்சு. என்னிக்கு இருந்தாலும் கவர்மென்ட்டு வந்து சீல் வச்சிருவான்."

விக்ரம் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். எழுபது வயதில் நான் பார்க்காதது எதுவுமில்லை என்று நினைத்திருந்தேன்.

"சரண், தி எனர்ஜி" என்றான்.

அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "அங்கிள், நாங்க காரைக்குடியில ஒரு பழைய நிலைக்கதவு வாங்கி வச்சிருக்கோம். பத்தடி உயரம். இந்த வழியா எப்படி உள்ள வரும்?"

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். வராது என்று ஒரு சொல் போதும், காரியம் முடிந்திருக்கும். ஆனால் என் சந்தால் ஒரு கதவைக் கொண்டுவர முடியாது என்று வெளியூர்ப் பெண் நினைத்துவிட்டால்?

"கதவென்னம்மா கதவு. எங்க சந்துல பெரிய சாமானெல்லாம் மாடி வழிதான். முனை வீட்டுல ஏத்தி, மாடிக்கு மாடி கைமாத்தி, வேணும்ங்கிற வீட்டு முத்தத்துல எறக்கிருவோம். எங்க பாட்டன் காலத்துல ஒரு யானையே அப்படித்தான் வந்துச்சு."

நோட்டில் யானையும் ஏறியது. ஒரே வாரத்தில் பேசி முடித்துவிட்டார்கள். விக்ரம் ஒரு நிபந்தனை மட்டும் போட்டானாம்: முதலில் கதவு வீட்டுக்குள் இறங்க வேண்டும், மறுநாளே பத்திரம். கதவு நுழையாத வீடு அவனுக்கு வேண்டாம்.

அன்று சாயங்காலம் ராவ் எனக்கு வடை கொடுக்கவில்லை. ருக்குபாய்தான் கொடுத்தாள், அதுவும் ஆறிப்போனது.

"யோவ் பாய், நீ சும்மா இருந்திருந்தா நான் சும்மா போயிருப்பேன். இப்ப ஒன் வாயாலேயே வீட்ட வித்துக் குடுத்துட்டியே. புரோக்கர்கூட இம்புட்டு நல்லா வித்திருக்க மாட்டான்."

"வெரட்டத்தான் சொன்னேன் ராவு."

"நீ வெரட்டுனா எல்லாரும் ஓடுவாங்கன்னு நெனப்பு. இவங்க ஒன்னய மாதிரியே கிறுக்கு."

வீட்டுக்கு வந்தால் ஜெயினம்பு அதையே சொன்னாள், கூடவே நான் செய்த நாற்பத்து நாலு வருடத் தவறுகளையும் ஒரு தடவை வரிசையாகச் சொன்னாள். கடைசியில் ஒரு யோசனை சொன்னாள். "பொய் சொல்லி வித்தீங்கள்ல. உண்மையச் சொல்லி நிப்பாட்டுங்க. உண்மைன்னா என்னன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அந்தத் தூண்கள் எழுந்த கதை எனக்கு நன்றாகத் தெரியும். எழுபத்தொன்பதில், வேலை கிடைக்காமல் எங்கள் மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தேன். பரீத்தின் அத்தா உசிலம்பட்டியிலிருந்து மொக்கையன் என்ற கொத்தனாரைக் கூட்டிவந்தார். மொக்கையன் உள்ளே செங்கல் வைத்தான், செங்கல் பத்தாத இடத்தில் கையில் கிடைத்ததை வைத்தான், மேலே சிமென்ட் பூசினான். பிறகு சாம்பல் பெயின்ட் அடித்து, பல் விளக்குகிற பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்து விரலால் தெறித்துப் புள்ளி போட்டான். ஒரு புள்ளி என் பட்டத்தின்மேல் விழுந்தது. மகால் கல் என்று முதலில் சொன்னவன் நான்தான், அப்போதே, சும்மா ஒரு பேச்சுக்கு. பரீத்தின் அத்தாவுக்கு அது பிடித்துப்போய் அவரும் சொல்ல ஆரம்பித்தார். பிறகு பிறந்த பரீத் அதைக் கேட்டே வளர்ந்தான்.

மறுநாள் விக்ரம், சரண்யாதேவி, பரீத் மூன்று பேரும் வீட்டை அளந்துகொண்டிருந்தபோது போய் நின்றேன். சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு, கோர்ட்டுக்குப் போகிறவன் மாதிரி.

"தம்பி, நான் சொன்னது அம்புட்டும் பொய். அது கல்லு இல்ல. சிமென்ட்டு. மொக்கையன்னு ஒரு கொத்தனாரு எழுவத்தொம்பதுல கட்டுனது. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

சரண்யாதேவி சிரித்தாள். "கவர்மென்ட் பயமா அங்கிள்? நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

"சாச்சா, எங்க அத்தாவே மகால் கல்லுன்னுதான் சொல்வாரு" என்றான் பரீத், கோபமாக. "வாங்க வந்தவங்கள ஏன் கலைக்கிறீங்க?"

"ஒங்கத்தாவுக்கு அதச் சொன்னதே நான்தான்டா."

"எங்கத்தாவப் பொய் சொன்னாருங்கிறீங்களா?"

விக்ரம் என் தோளில் கை போட்டான். "அங்கிள், யூ ஆர் ஸோ ஹம்பிள்."

எழுபது வருடத்தில் முதல்தடவையாக ஒரு முழு உண்மையைச் சொன்னேன், அதை அடக்கம் என்று சொல்லிவிட்டான் ஒரு உருத்திராட்சக்காரன். உண்மை சொல்கிறவர்கள் எப்படித்தான் காலம் தள்ளுகிறார்களோ, தெரியவில்லை.

இனி எங்கள் சந்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மாடி கேட்பது என்று பெயர். யார் வீட்டுக்குப் பெரிய சாமான் வருகிறதோ அவர் நேரில் போய், வழியிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் 'மாடி வேணும்' என்று கேட்க வேண்டும். கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சண்டையோ சச்சரவோ, கேட்டவன் யாரோ எவனோ, மாடி உண்டு. முனை வீட்டு உபைதுல்லாவும் நானும் ஒரு புறா விஷயமாகப் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. அவன் புறா என் துணியில் எச்சமிட்டதா, நான் அவன் புறாவைத் தின்றதாக அவன் நினைத்தானா என்பதெல்லாம் இப்போது எதற்கு. எங்கள் வீட்டு பிரிட்ஜ் வந்த அன்று நான் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு "மாடி வேணும்" என்றேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு "எடுத்துக்கலாம்" என்றான். புறாக் கூண்டை அவனே நகர்த்திக் கொடுத்தான். அதற்கப்புறமும் பேசவில்லை. மாடி வேறு, பேச்சு வேறு.

செவ்வாய்க்கிழமை காலை விக்ரம் பரீத்தோடு கிளம்பி மாடி கேட்க வந்தான். உபைதுல்லா முதல் ஏழாம் நம்பர்வரை எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். கடைசியாக எட்டாம் நம்பர் வாசலில் வந்து நின்றார்கள். என் மாடியைத் தாண்டினால்தான் ராவ் வீட்டு மாடி. வேறு வழியில்லை.

ராவ் தன் வாசலில் முள்முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜெயினம்பு அடுப்பங்கரைக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"அங்கிள், மாடி வேணும்" என்றான் விக்ரம். பரீத் சொல்லிக்கொடுத்தபடி, கையைக் கட்டிக்கொண்டு, சரியாகவே கேட்டான்.

இல்லை என்றால் போதும். கதவு ஏழாம் நம்பரில் நின்றுவிடும். பத்திரம் கிடையாது. ராவ் மாட்டுக்கொட்டகைக்குப் போக வேண்டியதில்லை. நாக்கு நுனியில் பத்துப் பொய்கள் வந்து வரிசையில் நின்றன: மாடி விரிசல், மருமகனுக்கு அம்மை, கூரையில் குளவிக்கூடு. ஒன்றையும் சொல்ல முடியவில்லை. எனக்கும் ஒரு நாள் மய்யத்தாக வெளியே போக மாடி வேண்டியிருக்கும். சர்க்கரை ஏறினாலும் எடை குறையவில்லை.

"எடுத்துக்கலாம்" என்றேன்.

அவர்கள் போனதும் ராவிடம் போய் நின்றேன். "குடுத்துட்டேன் ராவு."

"கேட்டுச்சு."

"வேற என்ன செய்யச் சொல்ற?"

"குடுக்காம இருந்திருந்தா நான் ஒன்கூடப் பேசியே இருக்க மாட்டேன்."

"பேசாம இருந்தா எனக்குக் காது மிச்சம்."

"போய்யா" என்றான். ஒரு கைப்பிடி இலையை எடுத்து என்மேல் எறிந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கினேன் என்றான். அங்கே வெங்காயமே இல்லை. பொய் சொல்லத் தெரியாதவன்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவு வந்தது. நான் இதுவரை சொன்னதில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், இதில் இல்லை. பத்தடி உயரம், நிலையோடு சேர்ந்த தேக்கு, அதில் யானை, யாளி, கிளி என்று செதுக்கியது போதாமல் இரும்புக் குமிழ் வேறு. லாரி விளக்குத்தூண் பக்கம் நின்றதும் போக்குவரத்து நின்றது. கீழவாசல் சுமைத் தொழிலாளி சிவனாண்டியும் அவர் ஆட்கள் பன்னிரண்டு பேரும் அதைச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"எந்தக் கோட்டைக்குண்ணே?" என்றார் சிவனாண்டி.

"வடை சுடுற வீட்டுக்கு" என்றேன்.

உபைதுல்லா வீட்டு முகப்பில் கயிறு கட்டி ஏற்றினார்கள். புறாக்கள் அத்தனையும் எழும்பிப் போய்க் கோபுரத்துப் பக்கம் சுற்றின. இரண்டு திரும்பி வரவே இல்லை, அதற்கும் நான்தான் காரணம் என்று உபைதுல்லா நினைப்பான். இரண்டாம் மாடியில் ஒரு கொடிக்கயிறு அறுந்தது. நாலாம் மாடியில் தகரக் கூரை ஒன்று நசுங்கியது. ஐந்தாம் மாடியில் காயப்போட்டிருந்த மிளகாயில் ஒருவன் உட்கார்ந்துவிட்டு, அதன் பிறகு உட்காரவே இல்லை. பதினொன்றரைக்கு என் மாடியில் வந்து நின்றது.

எங்கள் வழக்கப்படி, சாமான் போய்ச் சேருகிற வீட்டில் குடியிருப்பவன்தான் கைப்பிடிச் சுவரில் நின்று முதல் கயிற்றை வாங்க வேண்டும். ஒன்பதாம் நம்பரில் குடியிருப்பவன் பீமாராவ். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் நின்றான்.

"ஒனக்கென்ன தலவிதி?" என்று ருக்குபாய் படியில் நின்று திட்டினாள். "நம்மளத் தொரத்துற கதவ நீயே இழுக்கிறியே."

"கயித்த வேற யாரு வாங்குவா?" என்றான் அவன். வாங்கி இழுத்தான். அறுபத்தாறு வயதில் கழுத்து நரம்பெல்லாம் புடைக்க இழுத்தான். அவனைப் பார்த்துவிட்டு நானும் போய்ப் பின்னால் பிடித்தேன். இவ்வளவு முட்டாள்தனம் வேறு எந்த ஊரிலும் நடக்காது.

கதவு ஒன்பதாம் நம்பர் மாடியில் ஏறிவிட்டது. இனி முற்றத்து வாய் வழியாகக் கீழே இறக்க வேண்டும். கயிற்றை எதிலாவது இரண்டு சுற்றுச் சுற்றி, மெல்ல மெல்ல விட வேண்டும்.

"எதுல சுத்துறது?" என்றார் சிவனாண்டி.

"தூண்ல" என்றான் விக்ரம்.

"தூண்ல சுத்தாதீங்க. அது கல்லு இல்ல, மொக்கையன் கட்டுன சிமென்ட்டு. கைப்பிடிச் சுவத்துக்கு வெளிய ஒரு இரும்புக் கம்பம் இருக்கு, அதுல சுத்துங்க" என்றேன். சத்தியமாகச் சொன்னேன். அல்லாஹ் அறிய, அந்த நேரத்தில் என் மனதில் ஒரு சூதும் இல்லை. கீழே ராவின் கிரைண்டர் இருக்கிறதே என்ற கவலை மட்டும்தான்.

"அங்கிள், முந்நூறு வருஷக் கல்லு. யானையே தாங்கும்" என்றான் விக்ரம்.

சிவனாண்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் வீட்டுக்கும் நான் இருபது வருடம் ரீடிங் எடுத்தவன். ஆட்கள் பக்கம் திரும்பினார். "தாவூது பாய் வேணாம்னா அதுலயே கட்டுங்கப்பா. அவரு சொல்றதுக்கு நேரெதிராச் செஞ்சா எப்பவும் சரியா வரும்."

சுற்றினார்கள். கதவு முற்றத்து விளிம்பில் தலையைச் சாய்த்தது. கயிறு இறுகியது. தூணிலிருந்து அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடுத்த நொடி, நெஞ்சு உயரத்தில் சிமென்ட்டு ஒரே ஏடாகக் கழன்று, தோசை மாதிரி மடங்கி விழுந்தது.

"இழு, பின்னால இழு" என்று ராவ்தான் கத்தினான். எல்லாரும் சேர்ந்து இழுத்த இழுப்பில் கதவு பின்பக்கமாகச் சாய்ந்து, மாடி நடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. தூசி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

தூணுக்குள் செங்கல் தெரிந்தது. செங்கல்லுக்கு நடுவில் ஒரு கோலி சோடா பாட்டில், முழுசாக, கோலியோடு. கழன்று விழுந்த ஏட்டின் உள்பக்கத்தில் ஆணியால் கீறியிருந்தது: மொக்கையன், உசிலம்பட்டி, 12.3.79.

சரண்யாதேவி குந்தி உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தாள். பாட்டிலை உருவி எடுத்து ஆட்டினாள். கோலி கிலுங்கியது.

"அங்கிள், நீங்க சொன்னது நிஜமா?"

"ரெண்டு தடவ சொன்னேனேம்மா."

"அப்ப விரால் மீனு? யானை? ஜின்னு?"

"ஜின் மட்டும் நெசம்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். விக்ரம் சிரிக்கவில்லை. முந்தின வாரம் கன்னம் வைத்த தூணை ஏதோ கைமாற்று வாங்கி ஓடிப்போனவனைப் பார்ப்பது போலப் பார்த்தான். கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டான். பரீத் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். மிச்ச மூன்று தூணும் கல்தான் என்றுகூடச் சொன்னான். சிவனாண்டி விரலை மடக்கி இன்னொரு தூணைத் தட்டினார். சொரக்காயைத் தட்டின மாதிரி கேட்டது. பத்திரம் எழுதுகிற பேச்சு அந்த மாடியிலேயே முடிந்துவிட்டது.

"என் கதவு?" என்றான் விக்ரம், படியிறங்குகிற நேரத்தில்.

"திருப்பிக் கொண்டுபோகணும்னா மறுபடியும் மொதல்லருந்து எட்டு வீட்டுலயும் மாடி கேக்கணும் தம்பி" என்றேன். "நேர்ல வந்து. யாரும் இல்லன்னு சொல்ல மாட்டோம்."

அவன் கேட்கவில்லை. கார்க் கதவைச் சாத்துகிற சத்தம் தெற்கு மாசி வீதியிலிருந்து கேட்டது. இதெல்லாம் நடந்து எட்டு மாதம் ஆகிறது. பரீத் இரண்டு பேரைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டினான். அவர்கள் மாடிக்கு ஏறி, மல்லாந்து கிடக்கிற கதவைப் பார்த்து, இது எப்படி வந்தது, எப்படிப் போகும் என்று கேட்டார்கள். கேட்டதோடு இறங்கிப் போய்விட்டார்கள். பரீத் வாடகை வாங்கிக்கொண்டு ஆடு பார்க்கப் போய்விட்டான்.

ருக்குபாய் அந்தக் கதவின்மேல்தான் வடகம் காயப்போடுகிறாள். யாளி வாய்க்குள் ஒரு கரண்டி மாவு சரியாக நிற்கிறதாம். ராவ் மாவு அரைக்கிறான், நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைக்கிறான். உசிலம்பட்டி மாப்பிள்ளை அந்த அறையில் வைக்கோல் அடுக்கிவிட்டாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை தொப்பிக்காரர்கள் மறுபடி வந்தார்கள். யாரோ சொல்லி, மாடிக்கே ஏறிவிட்டார்கள். கதவைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். ராவ் கரண்டியும் கையுமாக நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இது மகால் கதவுங்க. எரநூறு வருஷம் இருக்கும்."

என் மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இருபத்தேழு வருடம் என் பக்கத்தில் குடியிருந்தவன் சொல்கிற பொய்யா இது? கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போனேன்.

"எரநூறு இல்லம்மா, அவருக்குக் கணக்கு வராது" என்றேன். "நானூறு. யானை ஒண்ணு முதுகுல வச்சுத்தான் இந்த மாடிக்குக் கொண்டுவந்துச்சு. அந்த யானை எறங்குன கதையச் சொல்றேன், கீழ வாங்க, வடை சூடா இருக்கு."